ஒரு காணியில் இயற்கை விவசாயம்: கடலூர், புதுச்சேரி மண்ணுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்கை விவசாயத்தில் இறங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த வாரமே அவர் வீட்டு வாசலில் ஒரு நீல டிரம் வந்து நிற்கும். சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் சேர்த்து, ஈ மொய்க்க மொய்க்க ஜீவாமிர்தம் என்ற ஒரு கரைசல் தயாராகும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே ஒரு காணி கொல்லை. முதல் வருடம் ஜீவாமிர்தத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் பள்ளத்துப் பக்கம் இருந்த கத்தரி முழுவதும் தலை தொங்கிவிட்டது. பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி போற வழிய அடைச்சி வச்சிட்டு டிரம்முல என்னா தம்பி கலக்கறே?"

அவர் கேட்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன். முதலில் தண்ணீர், அப்புறம் மண், அப்புறம் விதை. டிரம் அதற்குப் பிறகு.

அளவு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கமும் புதுச்சேரியிலும் ஒரு காணி என்றால் 100 குழி, அதாவது 132 சென்ட். கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஏக்கருக்கு. காணிக்கு வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

மழைக்கு வழி விடுவது

நம் மழை ஆண்டு முழுவதும் பரவி வருவதில்லை. பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டர். 45 சென்டிமீட்டருக்குப் பெருக்கினால் 18 லட்சம் லிட்டர். அது உங்கள் நிலத்தில் விழுந்தது மட்டும்தான். மேட்டுக் கொல்லைகளிலிருந்து இறங்கி வருவது தனி.

ஆகவே நிலத்தை வாங்கியதும், அல்லது குத்தகைக்கு எடுத்ததும், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடை பிடித்துக்கொண்டு சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் வெளியேறப் பார்க்கிறது என்று பார்த்து அங்கங்கே குச்சி நட்டு வையுங்கள். வெயிலில் சமமாகத் தெரியும் நிலம் மழையில் தன் பள்ளத்தைக் காட்டிவிடும்.

பிறகு செய்ய வேண்டியது, மேட்டில் நிறுத்துவது, பள்ளத்தில் வடிப்பது. மேட்டுப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி உயர வரப்பு போதும். ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த இடம் அரித்துப்போன செம்மண் பொட்டல். அங்கே வந்தவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று இப்படி வரப்புக் கட்டி மழையை நிறுத்தியதும் மரம் வைத்ததும்தான். புது வரப்பு முதல் மழையிலேயே கரையும். அதைப் பிடித்து வைக்க வெட்டிவேர் நல்லது. கடலூர்க் கடலோரத்தில் அதைப் பயிராகவே செய்கிறார்கள், நாற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

பள்ளத்துப் பக்கம் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வடிகால் வாய்க்கால் எடுங்கள். அது எங்கே போய் விழும் என்பதை வெட்டுவதற்கு முன்பே கீழ்க் கொல்லைக்காரரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். புயல் ராத்திரியில் மண்வெட்டியோடு அவர் வந்து நிற்கும்போது பேசினால் நல்லபடியாக முடியாது. இடம் இருந்தால் வாய்க்கால் போய்ச் சேரும் மூலையில் ஒரு குட்டை. 20 அடிக்கு 20 அடி, 5 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 56,000 லிட்டர் நிற்கும். செம்மண்ணில் அது தங்காமல் உள்ளே இறங்கிவிடும். போகட்டும், கிணற்றுக்குத்தானே போகிறது.

காய்கறிக்கு மேட்டுப் பாத்திதான். நாலடி அகலம், ஓரடி உயரம், இரண்டு பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி சால். ஒரு முறை போட்டுவிட்டால் பாத்தி மேல் கால் வைக்கக்கூடாது, டிராக்டரும் ஏறக்கூடாது. என் காணியில் அடிப்பகுதி 30 சென்ட் என்ன செய்தாலும் கார்த்திகையில் ஈரம் வடியாது. அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு நெல்லுக்கு ஒதுக்கிவிட்டேன்.

காற்று இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. கிழக்கு ஓரத்தில் சவுக்கு இரண்டு வரிசை, இடையிடையே பனை வையுங்கள். சவுக்கு நாலைந்து வருடத்தில் வெட்டுக்கும் வரும், வேரில் தழைச்சத்தையும் சேர்க்கும். மற்ற மூன்று பக்கம் கிளுவை, நொச்சி, கிளரிசிடியா. வேலியும் ஆச்சு, தழையும் ஆச்சு.

மண்ணையும் தண்ணீரையும் தெரிந்துகொள்வது

இதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு குடம் தண்ணீரும் போதும். ஓரடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனால் அது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மணல் வகை, சத்து நிற்காது. மறுநாள் காலையிலும் நின்றால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களி, வேர் மூச்சு முட்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கு, அதாவது மக்கிய எருவும் தழையும். முன்னதில் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், பின்னதில் மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

அப்படியே மண் பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். பத்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரையடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, கால் பங்கு கால் பங்காகக் கழித்து அரைக் கிலோ கொண்டுபோனால் போதும். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் எடுக்கக்கூடாது. விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, வழி சொல்வார்கள். வரும் அட்டையில் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று மண்ணில் இருக்கும் மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் நல்லது. இன்னொன்று உப்பைக் காட்டும் மின்கடத்து திறன். கடலோரக் கிராமம் என்றால் போர் தண்ணீரையும் கட்டாயம் சோதியுங்கள். உப்புத் தண்ணீரில் அவரையும் பீன்ஸும் போட்டு அழுவதைவிட அது தெரிந்த பிறகு தென்னை, சப்போட்டா என்று யோசிக்கலாம்.

மண்ணுக்குச் சோறு

இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்த வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் போய்த் தங்க வேண்டும். நாம் கலக்கும் ஒரு டிரம் ஜீவாமிர்தத்தில் இருப்பது 10 கிலோ சாணம். அதனால் கரைசல் வீண் என்று சொல்லவில்லை. அது உறைமோர். பால் இருந்தால்தான் உறைமோருக்கு வேலை. பால் என்பது தழை, எரு, சருகு.

தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் போடச் சொல்வார்கள். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணம் போட்டால் வருடத்துக்கு மூன்றரை டன், அதுவும் மக்கினால் பாதி. ஒரு மாட்டை வைத்துக்கொண்டு ஒரு காணியை முழுக்க எருவில் நிரப்ப முடியாது. மீதியை நிலமே விளைவித்துத் தர வேண்டும்.

அதற்குப் பசுந்தாள். களிமண், தண்ணீர் நிற்கும் இடம், கொஞ்சம் உவர் என்றால் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. மேட்டுக் கொல்லைக்குச் சணப்பை, 12 முதல் 15 கிலோ. சணப்பைக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. 45-ஆம் நாள், பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். இன்னும் பத்து நாள் போகட்டும் என்று விட்டால் தண்டு நாராகி மக்காமல் கலப்பையில் சுற்றும். ரசாயனம் போட்டு வந்த நிலமாக இருந்தால் முதல் வருடம் பலதானியம் விதைப்பது மேல். சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், கொத்தமல்லி கடுகு மாதிரி வாசனைப் பயிர் என ஐந்து வகையிலும் நாலு நாலு கிலோ, மொத்தம் 20 கிலோ. அதையும் பூக்கும்போது மடக்கி உழுதுவிடலாம். விதை வாங்கக் காசு இல்லையென்றால் மளிகைக் கடைப் பயறும் கம்புமே முளைக்கும். உடைத்த பருப்பைத்தான் விதைக்க முடியாது.

மக்கு உரம் செய்ய நிழலான மேட்டிடம் பாருங்கள். பத்தடி நீளம், நாலடி அகலம். கீழே முந்திரிச் சருகு, கரும்புச் சோகை, களை என ஓரடி. அதன் மேல் மூன்று அங்குலம் சாணம், ஒரு கூடை தோட்டத்து மண், தண்ணீர். இப்படி நாலடி உயரம் வரை அடுக்கி, ஓலை போட்டு மூடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக்கூடாது. மூன்றாம் நாள் உள்ளே கை வைத்தால் சுடும். சுடவில்லை என்றால் சாணமோ ஈரமோ குறைவு. 20 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் மண் வாசனையோடு இறங்கும். மல்லாட்டை (நிலக்கடலை) கொடியை இதில் போடாதீர்கள், அது மாட்டுக்கு. கரும்பு ஆலையில் சாறு வடிகட்டிய பின் மிஞ்சும் பிரஸ்மட் கழிவு மலிவாகக் கிடைத்தால் அதையும் இப்படி மக்கவைத்த பிறகே போட வேண்டும்.

இரண்டாம் வருடம் அவசரத்தில் ஒரு வியாபாரியிடம் "மக்கிய எரு" என்று ஒரு டிராக்டர் லோடு வாங்கினேன். பாதி பச்சைச் சாணம். கரையான் வந்தது, கோரைக் கிழங்கு வந்தது, தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுவும் விரல் பருமனில் நெளிந்தது. வண்டி வந்ததும் ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். மாட்டுக்கொட்டகை வாசனை அடித்தால் திருப்பி அனுப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு மூடாக்கு. செம்மண்ணில் சித்திரை வெயில் நேரே விழுந்தால் சேர்த்த மக்கெல்லாம் எரிந்து போகும். செடிக்கு நடுவே அரையடிக்குச் சோகையோ கிளரிசிடியாத் தழையோ பரப்பி வைத்தால் பாசனத்தில் நிறைய மிச்சம், களையும் குறையும். கார்த்திகையில் மட்டும் தண்டை ஒட்டி வைக்கக்கூடாது, அழுகும்.

எப்போது என்ன

ஊருக்கு ஊர் பட்டம் கொஞ்சம் மாறும். என் காணியில் இப்படி ஓடுகிறது. சித்திரையில் கோடை மழைக்குப் பிறகு ஒரு உழவு. அதில் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் ஆகும். வைகாசியில் பசுந்தாள். ஆடியில் மேட்டில் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு. பள்ளத்துக்கு ஆவணி, புரட்டாசியில் நெல் நாற்று. பூங்கார் குறுகிய நாளில் வரும். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கும் மேல் பிடிக்கும், ஆள் உயரம் போகும். உயரமான பாரம்பரிய நெல்லுக்கு எருவைக் கொட்டினால் தை மாதத்தில் சாய்ந்து கிடக்கும், அதனால் அதில் பசுந்தாள் மட்டும்தான். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகாக இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவேன், ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ. பனியிலேயே விளைந்துவிடும், தனிப் பாசனம் கிடையாது. மார்கழியில் மேட்டில் மல்லாட்டை. காய்கறிக்கு உண்மையான பட்டம் தை முதல் பங்குனி வரை. புயல் போன பிறகு, வெயில் ஏறுமுன். கார்த்திகையில் சந்தையில் விலை ஏறுகிறதே என்று ஆசைப்பட்டு எல்லாப் பாத்தியிலும் தக்காளி வைப்பவர் சீட்டாடுகிறார்.

ஒரே குடும்பப் பயிரை அதே பாத்தியில் அடுத்தடுத்து வைக்க வேண்டாம். கத்தரிக்குப் பின் மிளகாய், தக்காளி ஆகாது, பயறு வைக்கலாம்.

விதை

விதையில் கஞ்சத்தனம் கூடாது, ஆனால் கலர் பாக்கெட்டும் வேண்டாம். அடுத்த வருடம் நாமே எடுத்து வைக்கக்கூடிய ரகமாக இருக்க வேண்டும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 கத்தரி இந்த மண்ணுக்குப் பழகியது. விருத்தாசலம் நிலையத்து மல்லாட்டை ரகங்களும் அப்படியே.

நெல் விதையைத் தேர்ந்தெடுக்க 10 லிட்டர் தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கும் வரை உப்புக் கரைத்து அதில் கொட்டுங்கள். மிதப்பது பதர். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் முளைப்பு போகும். பிறகு பீஜாமிர்தம்: 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு பிடி வரப்பு மண், ஒரு இரவு ஊறல். காலையில் விதையை நனைத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். மல்லாட்டைக்குத் தோல் உரியும், மெதுவாகப் புரட்டுங்கள்.

இப்போது டிரம்

ஜீவாமிர்தம்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி ரசாயனம் படாத மண். நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கினால் 48 மணி நேரத்தில் தயார். ஓர் ஏக்கருக்கு அது, பாசன வாய்க்காலில் சொட்டுச் சொட்டாக விடலாம். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். ஈரமில்லாத மண்ணில் ஊற்றுவதும் வீண்தான்.

அவசரத்துக்கு இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த அமுதக்கரைசல் போதும். ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், 50 கிராம் வெல்லம், 10 லிட்டர் தண்ணீர். ஒரு நாளில் ரெடி. வடிகட்டி பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தெளிக்கலாம்.

நமக்குக் கடல் பக்கம் என்பதால் மீன் அமிலம் மலிவு. கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்புப் போடாத மீன் கழிவு வாங்கி, அதே எடைக்கு வெல்லம் சேர்த்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில் ஒரு மாதம். நாற்றம் போய்ப் பழ வாசனை வந்தால் பக்குவம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் கருகும். வாளியின் மேல் பெரிய கல் வையுங்கள், தெரு நாய் மொத்தமும் அதற்குத்தான் வரும்.

பஞ்சகவ்யம் நான் செய்வதில்லை. நன்றாக வேலை செய்கிறது என்று கொடுமுடி டாக்டர் நடராஜன் வழியில் செய்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நெய்யும் பாலும் தயிரும் சேர்கிற செலவு என் கத்தரிக்குக் கட்டுப்படியாகவில்லை.

பூச்சி

பூச்சி வந்த பிறகு தெளிப்பதைவிட, பயிர் வைக்கும்போதே ஓரத்தில் இரண்டு வரிசை சோளம், மூலைக்கு நாலு ஆமணக்கு, நடுவே செண்டுமல்லி, தட்டைப்பயறு போட்டுவிட வேண்டும். சோளம் வெள்ளை ஈயைத் தடுக்கும். ஆமணக்கு இலையில் வெட்டுப்புழு கூட்டமாக முட்டையிடும், அந்த இலையோடு கிள்ளிவிடலாம். தட்டைப்பயற்றில் அசுவினி வந்தால் பதறாதீர்கள், அதைத் தின்னவரும் பொறிவண்டுதான் உங்கள் காவல்காரர். செண்டுமல்லி மணற்பாங்கான மண்ணில் நூற்புழுவைக் குறைக்கும்.

கத்தரிக்குத் தண்டு, காய்த்துளைப்பான் தான் பெரிய எதிரி. வாரம் இரண்டு முறை வாடித் தொங்கும் நுனியைக் கிள்ளி எடுங்கள். கிள்ளி அங்கேயே போட்டால் புழு மறுபடி ஏறும், எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்க ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. மல்லாட்டைக்குச் சிவப்புக் கம்பளிப்புழு. மழை பெய்ததும் அந்துப்பூச்சி கிளம்பும், அன்றிரவே விளக்குப்பொறி வைத்துவிட்டால் முக்கால்வாசி அங்கேயே முடியும்.

மிஞ்சியதற்கு வேப்பங்கொட்டை. ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ பருப்பை ஒன்றிரண்டாக இடித்து, துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, காலையில் பால் போல வரும்வரை பிழிந்து 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து வடிகட்டி, சாயங்காலம் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் வீரியம் போகும்.

புயலுக்கு முன்னும் பின்னும்

எச்சரிக்கை வந்ததும் முதலில் வடிகால் வாயைச் சுத்தம் செய்யுங்கள். வாழை, முருங்கைக்கு முட்டுக் கொடுங்கள், முருங்கையின் உச்சியை வெட்டிவிடலாம். பறிக்கக்கூடிய காய் எல்லாம் பறித்துவிடுங்கள். டிரம், ஷீட், வாளி எல்லாம் கட்டி வையுங்கள்.

மழை விட்டதும் 24 மணி நேரத்துக்குள் பாத்தியில் தண்ணீர் வடிய வேண்டும். மண் சேறாக இருக்கும்போது உள்ளே இறங்கி மிதித்தால் இரண்டு வருடச் சேமிப்பு போச்சு. சால் வழியாக மட்டும் நடக்கலாம். மேல் மண் பொருக்குத் தட்டியதும் லேசாகக் கொத்திவிட்டு அமுதக்கரைசல் ஊற்றினால் வேர் திரும்பப் பிடிக்கும். முழுசாகப் போன பாத்தியில் அன்றைக்கே கீரை தூவிவிடுங்கள். 25 நாளில் கைக்காசு, அந்தச் சமயத்தில் ஊரில் கீரையே இருக்காது.

பணம், சான்று, சந்தை

முழு நிலத்தையும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டாம். இலங்கை 2021-இல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்திவிட்டு அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது நினைவிருக்கும். மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். முதல் இரண்டு வருடம் விளைச்சல் இறங்கும், களைக்கூலிதான் மிகப் பெரிய செலவாக இருக்கும். பாத்தியை நனைத்து, களை முளைத்ததும் மேலாகக் கொத்திவிட்டு, பிறகு நட்டால் அந்தக் கூலியில் பாதி குறையும்.

சான்று வேண்டுமென்றால் ஐந்து பேருக்குக் குறையாமல் குழு சேர்ந்து பி.ஜி.எஸ். முறையில் போகலாம், ஒருவர் நிலத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அது. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் பதிய வேண்டும். எதுவானாலும் நோட்டு அவசியம். விதைத்த நாள், போட்டது, எடுத்தது, செலவு. பக்கத்து நிலத்தில் மருந்து அடித்த நாளையும் குறியுங்கள், அந்த ஓரத்தில் பத்தடி விட்டு அதில் விளைவதைத் தனியாக விற்றுவிடுங்கள்.

விற்க நான் முதலில் போனது உழவர் சந்தைக்கு. அங்கே என் கத்தரியும் மற்றவர் கத்தரியும் ஒரே விலை. பிறகு புதுச்சேரியில் ஏழு வீடுகளுக்கு வாரம் ஒரு பை என்று பேசிவைத்தேன். என்ன விளைகிறதோ அதுதான் பையில் வரும், விலை வருடம் முழுக்க ஒன்று. ஒரு கார்த்திகையில் மூன்று வாரம் பையில் வெறும் கீரையும் முருங்கை இலையும்தான் போயிற்று. இரண்டு வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மற்ற ஐந்து பேர் தை பிறந்ததும் கத்தரி எப்போது என்று போன் செய்து கேட்டார்கள்.